பந்தைப் பறித்த பிறகு என்ன? இலங்கை கால்பந்து அணியின் பலமும் பலவீனமும்

2024 செப்டெம்பர் 10, செவ்வாய்க்கிழமை. ருவான்வெல்லையில் பஸ் ஏறி அவிசாவளையில் மாறி, கொழும்பு குதிரைப்பந்தயத்திடல் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். என்னோடு எங்கள் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூத்தவனுக்கு பதினேழு வயது, இளையவனுக்கு பதினைந்து. இருவரும் தோட்டத்து டீமில் ஆடுகிறவர்கள். தேசிய அணியை நேரில் பார்ப்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

அன்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கான பிளே-ஓப் ஆட்டம். எதிரணி கம்போடியா. ஐந்து நாட்களுக்கு முன்னர் கம்போடிய மண்ணில் நடந்த முதல் ஆட்டம் 0–0. இந்த ஆட்டமும் 2–2 எனச் சமனில் நிற்க, பெனால்டியில் இலங்கை 4–2 என வென்றது. பக்கத்தில் இருந்த முகம் தெரியாத மனிதர் இளையவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசி பஸ் போய்விட்டது. அவிசாவளையிலிருந்து ஓட்டோ பிடித்து வீடு வந்து சேர நடுநிசி தாண்டிவிட்டது.

ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வெற்றி அல்ல. ஆட்டத்தின் நடுவில் மூத்தவன் கேட்ட ஒரு கேள்வி.

"அண்ணே, நம்மாளுங்க கஷ்டப்பட்டு பந்தப் புடுங்குறாங்க. புடுங்குன ஒடனே ஏன் தூக்கி அடிச்சி திரும்ப அவங்ககிட்டயே குடுத்துர்றாங்க?"

நான் விளையாட்டு நிருபர் அல்ல. ஊடகக் கற்கை படித்துவிட்டு, பெரும்பாலும் தோட்டச் சம்பளம், காணி, பாடசாலை பற்றி எழுதுகிறவன். ஆனாலும் நான் அறிய இலங்கை அணியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அணியின் பலம், பலவீனம் இரண்டும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

அணி நிற்கும் இடம்

இலங்கை 1952இல் பீபாவில் உறுப்புரிமை பெற்றது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 1–0 என வென்று சம்பியனானது. இன்றுவரை தெற்காசிய மட்டத்தில் நாம் வென்ற ஒரே கிண்ணம் அதுதான். 2006இல் பங்களாதேஷில் நடந்த முதலாவது ஏ.எப்.சி. சலஞ்ச் கிண்ணத்தில் இறுதிப் போட்டி வரை வந்து, தஜிகிஸ்தானிடம் 0–4 எனத் தோற்றோம்.

அதன் பிறகு சரிவுதான். 2021இல் மாலைதீவில் இந்தியாவைச் சந்தித்தபோது எமது பீபா தரவரிசை 205. இந்தியா 107. ஆனால் அந்த ஆட்டம் 0–0 என முடிந்தது. அந்த முடிவை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. அணியின் முதலாவது பலம் அதில்தான் தெரிகிறது.

பலம்: நெருங்கி நின்று காப்பது

தன்னைவிடப் பலமான அணியோடு ஆடும்போது இலங்கை பந்தைத் துரத்துவதில்லை. பின்னால் இறங்கி, பெனால்டி பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசையாக நிற்கும். பின்வரிசைக்கும் மத்தியகள வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைப்பதே நோக்கம். ஒருவரை மாத்திரம் முன்னால் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் பந்துக்குப் பின்னால் வந்துவிடுவார்கள். எதிரணி பக்கவாட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தைப் பரிமாறலாம். நடுவால் உள்ளே வர வழி இருக்காது. வெளியே இருந்து உள்ளே தூக்கிப் போடுவதுதான் அவர்களுக்கு மிஞ்சும் ஒரே வழி.

இந்த ஆட்டமுறைக்கு மூன்று விடயங்கள் தேவை: தலையால் பந்தை வெளியேற்றக்கூடிய மத்திய பின்கள வீரர்கள், பந்தைப் பிடிக்க வெளியே வரத் தயங்காத கோல் காப்பாளர், தொண்ணூறு நிமிடமும் வரிசை குலையாத ஒழுங்கு. இலங்கையிடம் இந்த மூன்றும் ஓரளவு இருந்திருக்கின்றன. நீண்ட காலமாகக் கோல் காக்கும் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களில் ஆடித் தேறியவர். மன்னார் தந்த மத்திய பின்கள வீரர் டக்சன் பியுஸ்லஸ், 2022இல் மாலைதீவில் உயிரிழக்கும் வரை இந்தத் தடுப்பின் தூணாக நின்றார்.

2021 சாப் சம்பியன்ஷிப் முடிவுகளைப் பாருங்கள். பங்களாதேஷிடம் 0–1, நேபாளத்திடம் 2–3, இந்தியாவுடன் 0–0, மாலைதீவிடம் 0–1. நான்கு ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லவில்லை. ஆனால் யாரும் எம்மை ஒரு கோலுக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்கடிக்கவும் இல்லை. 2018 சாப் போட்டியிலும் இதே கதை. மாலைதீவுடன் 0–0, இந்தியாவிடம் 0–2. மாலைதீவுக்கும் அதே முடிவுகள் இருந்ததால் அரையிறுதிக்குப் போவது யார் என்பது நாணயச் சுழற்சியில் முடிவானது. நாம் வீட்டுக்கு வந்தோம். மாலைதீவு அந்தக் கிண்ணத்தையே வென்றது.

இந்தத் தடுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் 0–8. அந்தத் தரத்து அணிகள் பக்கவாட்டிலிருந்து போடும் பந்துக்கு உயரமான முன்கள வீரரை வைத்திருக்கின்றன. அன்று உயரமான கிம் ஷின்-வூக் மாத்திரம் நான்கு கோல் அடித்தார். நடுவை அடைத்துவிட்டு வெளியே வழிவிடும் ஆட்டமுறை, வானத்தில் வரும் பந்துக்கு எதிராக இப்படித்தான் உடையும்.

பலவீனம்: பந்து கிடைத்த அந்த மூன்று விநாடி

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

2019 முதல் 2021 வரை நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் இரண்டாம் சுற்றில் ஆறு ஆட்டங்கள், 2021 சாப் போட்டியில் நான்கு, 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மூன்று. மொத்தம் 13 ஆட்டங்கள். வாங்கிய கோல்கள் 34. அதில் 13 தென்கொரியா ஒன்றே அடித்தவை. அடித்த கோல்கள் வெறும் 4. அந்த நான்கும் இரண்டே ஆட்டங்களில் வந்தவை: லெபனானுக்கு எதிராக இரண்டு, நேபாளத்துக்கு எதிராக இரண்டு. மற்றப் பதினொரு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை.

34 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். எனக்கு 4 என்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

பின்னால் இறங்கி நிற்கும் அணிக்கு கோல் வரும் வழி ஒன்றுதான். பந்தைப் பறித்ததும், எதிரணி திரும்பி ஓடி ஒழுங்காவதற்குள் முன்னால் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் மூன்று, நான்கு விநாடி. பறித்தவர் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் இன்னும் இருவர் வெற்றிடத்துக்கு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பந்து அவர்களின் காலுக்குப் போக வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் பந்து திரும்ப எதிரணியிடம் போய்விடும்.

இலங்கைக்குப் பிசகுவது பெரும்பாலும் முதல் இரண்டும். பறித்தவரைச் சுற்றிச் சொந்த அணியினர் நெருங்கியே நிற்கிறார்கள். காப்பதற்காக நெருங்கியவர்கள் விரிந்து ஓட நேரம் எடுக்கிறது. முன்னால் நிற்கும் தனி ஆளைச் சுற்றி இரண்டு, மூன்று பேர். அதனால் தூக்கி அடிப்பது தவிர வேறு வழி தெரிவதில்லை. பந்து போனதும் மறுபடி காக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இப்படி எத்தனையோ தடவை ஓடினால் கடைசி இருபது நிமிடத்தில் கால் ஓடாது, கவனமும் சிதறும். பின்னேரம் விழும் கோல்களுக்கு உடற்தகுதியைக் குறை சொல்கிறோம். பந்தை வைத்திருந்து மூச்சு வாங்கத் தெரியாததும் அதற்குச் சமமான காரணம்.

ஒருவரை நம்பிய காலம்

இந்தப் பலவீனத்தைச் சில காலம் ஒரே வீரர் மறைத்து வைத்திருந்தார். பேர்லினில் பிறந்து, யூனியன் பேர்லின் கழகத்தில் வளர்ந்த அஹமட் வசீம் ராசிக். 2021 ஜூனில் லெபனானிடம் 2–3 எனத் தோற்ற ஆட்டத்தில் எமது இரண்டு கோலையும் அடித்தவர் அவர். அதே ஆண்டு நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் மாலைதீவுடன் 4–4. நான்கும் அவருடையவை. அந்தத் தொடரில் பங்களாதேஷை 2–1 என வென்று இறுதிக்குப் போய், சீஷெல்ஸிடம் 3–3க்குப் பிறகு பெனால்டியில் தோற்றோம்.

அவர் செய்தது சிக்கலான ஒன்றல்ல. தூக்கி அடித்த பந்தை நெஞ்சில் வாங்கி, மற்றவர்கள் வந்து சேரும்வரை தன்னிடம் வைத்திருந்தார். ப்ரீ கிக், பெனால்டி கிடைத்தால் உள்ளே போட்டார். ஆனால் இப்படி ஒருவரை நம்பும் அணியை அடைப்பது எதிரணிக்குச் சுலபம். ஒருவரைக் கட்டினால் போதும். 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானிடம் 0–3, தாய்லாந்திடம் 0–2, மாலைதீவிடம் 0–1. ஒரு கோலும் இல்லை.

வெளிநாட்டில் பிறந்தவர்கள் கொண்டுவந்தது

நேபாளத்தை 2021 சாப் இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோன குவைத் பயிற்றுவிப்பாளர் அப்துல்லா அல் முத்தைரி 2024இல் பொறுப்பெடுத்த பிறகு, வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அணியில் கூடினார்கள். ஜேர்மனியின் டினமோ டிரெஸ்டன் பின்கள வீரர் குளோடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவர் கெலார்ட், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், பரத் சுரேஷ். இலண்டனில் பிறந்த டிலொன் டி சில்வா அதற்கு முன்பே வந்தவர்.

"வெளிநாட்டானை வைத்து ஆடுவது நம்ம டீமா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். இவர்களில் சிலரின் பெற்றோர் போருக்குப் பயந்து போனவர்கள். ஆதவன் என்று பெயர் வைத்த பிள்ளை இலங்கைச் சட்டையைப் போடுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கேட்க வேண்டியது வேறு: அவர்கள் வந்ததால் ஆட்டம் மாறியதா?

மாறியது. பந்து காலுக்கு வருமுன்னே எங்கே கொடுப்பது என்று பார்த்து வைத்திருக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது. வாரம் தவறாமல் லீக் ஆடுகிறவர்களுக்கு அது தானாக வரும். 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 0–1 மாத்திரமே. ஜூன் 10ஆம் திகதி கொழும்பில் சீன தாய்ப்பேயை 3–1 என வென்றோம். 13 ஆட்டங்களில் நான்கு கோல் அடித்த அணி ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வதேச ஆட்டங்களுக்கு வீரர்கள் சில நாட்களுக்கு முன்புதான் ஒன்றுசேர்கிறார்கள். தடுப்பாட்ட வரிசையைச் சில நாளில் பழக்கிவிடலாம்: எங்கே நிற்பது, யாரோடு நகர்வது என்று கோடு போட்டுக் காட்டலாம். தாக்குதல் அப்படியல்ல. இவர் பந்தை எடுத்தால் அவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது பல மாதம் சேர்ந்து ஆடினால்தான் தெரியும். வேறு வேறு நாடுகளிலிருந்து வந்து கூடும் அணி காப்பதில் முதலில் முன்னேறுவதும், தாக்குவதில் பின்தங்குவதும் இதனால்தான். உள்ளூர் வீரர்கள் நாட்டிலேயே ஒரே லீக்கில் ஆண்டு முழுவதும் ஆடினால் அந்த இணக்கத்துக்கு ஓர் அடித்தளம் கிடைக்கும். வெளியிலிருந்து வருகிறவர் அதில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

லீக் இல்லாத ஊரில் ஆட்டமுறை எங்கே பழகுவது?

அந்த அடித்தளம்தான் இல்லை. 2021இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் ஆரம்பமானது. களுத்துறை புளூ ஸ்டார் சம்பியன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே புளூ ஸ்டார், ஏ.எப்.சி. கிண்ண ஆட்டத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. பிறகு பொருளாதார நெருக்கடி. அதன் மேல், கால்பந்து நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் மாதம் வரை தடை நீடித்தது. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த சாப் போட்டியில் நாம் இல்லை. தடை நீங்கிய சில வாரங்களில் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் யேமனிடம் 0–3, பிறகு கொழும்பில் 1–1. அத்துடன் வெளியே.

எங்கள் ஊரில் இறப்பர் பால் வெட்டும் வேலையை வைத்து இதைச் சொன்னால் விளங்கும். கத்தி ஆழமாகப் போனால் மரம் கெடும். மேலாக வெட்டினால் பால் வராது. எவ்வளவு ஆழம் என்று புதிதாக வருகிறவருக்கு வாயால் சொல்லலாம். ஆனால் கை அதைப் பழகுவது நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டித்தான். பந்தைப் பறித்த மூன்று விநாடியில் என்ன செய்வது என்பதும் அப்படிப்பட்ட கைப்பழக்கம்தான். முகாமில் பயிற்றுவிப்பாளர் சொல்லலாம். கால் பழகுவது வாராவாரம் ஆடும் ஆட்டத்தில்.

மாலைதீவைப் பாருங்கள். எங்கள் ஒரு மாவட்டத்து மக்கள்தொகைகூட இல்லாத நாடு. 2008லும் 2018லும் சாப் கிண்ணத்தை வென்றது. எமது நல்ல வீரர்கள் பிழைப்புக்கும் ஆட்டத்துக்கும் போவதே அங்குள்ள கழகங்களுக்குத்தான்.

ருவான்வெல்லையிலிருந்து பார்த்தால்

எங்கள் தோட்டத்து மைதானம் ஒரு பக்கம் சரிவு. கேகாலை மாவட்டத்து மழையில் பாதி நாள் சேறு. முழு அளவு ஆட இடமில்லாததால் பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன கோல். இந்த ஆட்டம் பையன்களுக்கு நல்லவற்றையும் தருகிறது: நெரிசலில் பந்தைக் காலில் வைத்திருப்பது, உடம்பை வளைத்து ஆளைத் தாண்டுவது. எங்கள் மூத்தவன் இதில் கெட்டிக்காரன். ஆனால் பதினொருவர் ஆடும் முழு மைதானத்தில் அவன் வாழ்க்கையில் ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள். முப்பது மீற்றர் தள்ளி ஓடுகிறவனைப் பார்த்துப் பந்து கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

யாழ்ப்பாணம், மன்னார், நாவலப்பிட்டி, களுத்துறை போன்ற இடங்களில் கழகம் என்று ஒன்று இருக்கிறது. நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் சுப்பர் லீக் வரை போனது. தந்தையும் மாமாவும் ஆடிய கழகத்தில் பையன் ஆடுகிறான். எங்கள் பக்கம் இறப்பர் தோட்டங்களில் ஒரு பையன் நன்றாக ஆடினால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. பதினான்கு வயதில் பார்க்க ஆளில்லை. பதினாறில் சாதாரண தரப் பரீட்சை. பதினெட்டில் கொழும்புக் கடையில் வேலை.

தேசிய அணியின் ஆட்டமுறைப் பலவீனத்தையும் இந்தப் பையன்களின் நிலையையும் வேறு வேறு செய்தியாகத்தான் பத்திரிகைகள் போடுகின்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. பந்து கிடைத்ததும் தூக்கி அடிக்கும் அணி, பந்தை என்ன செய்வது என்று பழக இடம் கொடுக்காத ஒரு நாட்டின் அணி.

அடுத்த ஆட்டத்தில் எதைக் கவனிக்கலாம்?

கோல் எண்ணிக்கையோடு சேர்த்து இவற்றையும் பாருங்கள். முதலாவது, இலங்கை பந்தைப் பறித்த பிறகு தொடர்ந்து மூன்று பரிமாற்றம் நடக்கிறதா? இரண்டாவது, பறித்த அந்தக் கணத்தில் எத்தனை பேர் முன்னால் ஓடத் தொடங்குகிறார்கள்? ஒருவர் என்றால் பழைய கதை. மூன்று பேர் என்றால் ஏதோ மாறியிருக்கிறது. மூன்றாவது, எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு இரண்டு வரிசைகளுக்கும் இடையில் இடைவெளி விழுகிறதா? நான்காவது, பக்கவாட்டிலிருந்து வரும் பந்துக்கு கோல் காப்பாளர் வெளியே வருகிறாரா? தோற்ற ஆட்டத்திலும் இந்த நான்கில் இரண்டு சரியாக இருந்தால் அணி முன்னேறுகிறது என்று நம்பலாம்.

கம்போடிய ஆட்டத்துக்கு சில மாதங்களுக்குப் பிறகு மூத்தவன் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். வந்தால் ஆடுவான். இளையவன் இன்னும் தோட்டத்து மைதானத்தில்தான். போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரத்தில் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பறித்தான். தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்த்தான். ஒருவரும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் காலில் வைத்திருந்தான். பிறகு தூக்கி அடித்தான்.